யூரியா கரைசலில் சிவப்பணு ஏன் வெடிக்கிறது?

1.8% யூரியாவும் 0.9% உப்பும் ஒரே செறிவுதானே, பிறகு யூரியாவில் மட்டும் ரத்தச் சிவப்பணு ஏன் வெடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை. இரண்டும் லிட்டருக்குச் சுமார் 300 மில்லி ஆஸ்மோல்தான் (கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு). ஆனாலும் யூரியாவில் சிவப்பணு வெடிக்கத்தான் செய்யும். யூரியா அணுவின் மேலுறையான சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது, பின்னாலேயே தண்ணீரும். உப்பிலுள்ள சோடியம் அப்படி எளிதில் நுழையாது. கசிந்து வருவதையும் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் வெளியே தள்ளிவிடும்.

சரிபார்க்க, 0.9% உப்புக் கரைசலிலேயே 1.8% யூரியாவைக் கரைத்து ஒரு சொட்டு ரத்தம் விடுங்கள். அணுக்கள் சற்றுச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும், வெடிக்காது. சோதனைக் குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளை வையுங்கள்: எழுத்து தெரியாத கலங்கல் என்றால் அணுக்கள் முழுசாக உள்ளன, தெளிந்த சிவப்பில் எழுத்தைப் படிக்க முடிந்தால் வெடித்துவிட்டன.

இதிலும் வெடித்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். ஒட்டியிருக்கும் சோப்பு மிச்சமே சவ்வைக் கரைத்துவிடும்.