மொழிபெயர்க்கவா போனாள்?

மதிப்புக்குரிய ஐயா,

என் மகள் எம்.டி. மெடிசின் முடித்து, கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் நியூரோலொஜி, அதாவது மூளை நரம்பு வைத்தியத்தில், விசேட வைத்தியராவதற்குப் பயிலும் சீனியர் ரெஜிஸ்ட்ராராக இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றாமலே நித்திரையாகிறாள். கன்சல்டன்ட் நோயாளிகளுக்கு முன்னாலேயே ஏசுகிறாராம். போதாததற்கு, எந்த வார்ட்டுக்குத் தமிழ் நோயாளி வந்தாலும் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். மொழிபெயர்க்கவா இவ்வளவு படித்தாள்? விரைவில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறாள். அங்கேயே நின்றுவிடு என்று சொல்லலாமா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

பிள்ளை நித்திரையானால் சப்பாத்தை நீங்கள் கழற்றிவிடுங்கள். நோயாளிக்கு முன்னால் ஏசுவது அந்த மனிதருடைய வளர்ப்பு, அதற்கு மருந்தில்லை. நிற்பதா திரும்புவதா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் 'மொழிபெயர்க்கவா' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. நாலு நாளாக நான் 'விறைப்பு' என்ற சொல்லோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு டொக்டரிடம் "கால் விறைக்குது" என்றிருக்கிறா. நமக்கு விறைப்பு என்றால் உணர்ச்சி இல்லை. பல்லுப் பிடுங்க முதல் போடுவது விறைப்பு ஊசி. புத்தகத்தில் தமிழ் படித்த அந்த டொக்டர் தசை இறுகிப்போயிற்று என்று விளங்கிக்கொண்டு, காலை மடக்கி மடக்கிப் பார்த்திருக்கிறார். உணர்ச்சி போனால் தேடுகிற இடம் வேறு, தசை இறுகினால் வேறு. 'மயக்கம்' இன்னும் மோசம். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், சத்தி வருமாப்போல இருந்தாலும் மயக்கம். காதைப் பார்ப்பதா, இதயத்தைப் பார்ப்பதா, மூளையை ஸ்கேன் பண்ணுவதா? நோயாளியின் வாயிலிருந்து கதையை வாங்குவதுதான் ஐயா அந்தப் படிப்பில் பாதி. அதை எடுபிடி வேலை என்கிறீர்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. இரவு மூன்று மணிக்கு வார்ட்டில் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள், உங்கள் மகளைத் தவிர?

என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது கைகால் விழவில்லை, வாய் கோணவில்லை. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அம்மா கடகடவென்று கதைத்துக்கொண்டிருந்தா. தமிழ் தெரியாத வார்ட் அது. "நல்லாக் கதைக்கிறா, வயசுக்குழப்பம்தான்" என்று முடிவு. எங்களை உள்ளே விடவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. இன்றைக்கு மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, பாரிசவாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும் என்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு நாளை எண்ணிப் பார்ப்பேன்.

மூளையின் இடது பக்கத்தில், காதுக்குச் சற்றுப் பின்னால் பாதிக்கப்பட்டால் இப்படியாகும். பேச்சு ஓடும், பொருள் இராது. ஜேர்மன் டொக்டர் கார்ல் வேர்னிக் 1874இல் இதை எழுதியபோது அவருக்கு 26 வயது, உங்கள் மகளைவிட இளையவர். அவருடைய நோயாளிகள் பிதற்றியது அவருடைய மொழியிலேயே. அந்த வசதி கொழும்பில் எத்தனை பேருக்கு?

மூன்றாம் நாள் ஒரு சிங்களப் பிள்ளை வந்தாள், பயிற்சி டொக்டர். என்னை உள்ளே கூப்பிட்டாள். அம்மாவின் முகத்துக்கு நேரே பேனையைக் காட்டினாள். "மழை வரமுதல் குடையை அவிச்சு வை" என்றா அம்மா, வெகு தெளிவாக. அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டாள்: "வசனம் சரியா?" நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் கட்டிலோரம் குந்தியிருந்து, கண்ணை மூடுங்கோ, கையைத் தூக்குங்கோ என்பதற்கெல்லாம் தமிழ் கேட்டுக் கேட்டுச் சின்னக் கொப்பியில் சிங்கள எழுத்தில் குறித்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அம்மா ஒன்றையும் செய்யவில்லை. அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டு இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னா. அந்தப் பிள்ளை அதையும் எழுதிக்கொண்டாள்.