ஒட்டுக்கடையில் பார்த்த பழைய ஆட்டக்காரரிடம் என்ன பேசுவது?

தம்பி, பீடோங் ஊரில் ஒட்டுக்கடையில், அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடையில், மலேசியக் கால்பந்து அணியின் பழைய ஆட்டக்காரரைப் பார்த்ததும் வாய் அடைத்துப் போய், செல்பி மட்டும் கேட்டு, அவர் முகம் சுருங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். கையெல்லாம் குழம்பு, யார்தான் சிரிப்பார்கள்?

நான் செய்தது இதைவிட மோசம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துத் திடலில் பரிசு கொடுக்க வந்த பழைய ஆட்டக்காரர் ஒருவரிடம் "இன்னும் ஆடுறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். மனுஷனுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. முட்டியைத் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் கோயில் திருவிழாவுக்கு உங்கள் ஆட்டக்காரர் வருகிறார் என்றால் நல்லதாகப் போயிற்று. அன்னதானப் பந்தியில் போய் நிற்காதீர்கள், கை கழுவிவிட்டு வரட்டும். வணக்கம் சொல்லி, "அண்ணே, நான் இந்தத் தோட்டத்துப் பையன்" என்று தொடங்குங்கள். "உங்க பெரிய ரசிகன்" வேண்டாம். அதற்கு நன்றி சொல்வதைத் தவிர அவருக்கு வேறு பதில் இல்லை.

1980 அணியில் இருந்தவர் என்கிறீர்களே, அதையே கேளுங்கள். தென் கொரியாவை 2-1 என்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள், நாடு புறக்கணித்ததால் போக முடியவில்லை. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த அணி அது. "அன்று ராத்திரி அறையில் என்ன பேசிக்கிட்டீங்க அண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

படம் அப்புறம். ஒன்று போதும்.