சொரியாசிஸை மருந்து இல்லாமல், சாப்பாட்டை மாற்றியே அடக்க முடியுமா?

வயது 24, முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ் (தோல் செதில் செதிலாக உதிரும் நோய்), கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டு கோதுமை மா, கருவாடு, கத்தரிக்காயைத் தவிர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017இல் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன். போதும் என்றார். நம்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பியோ தங்கச்சியோ, உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீடு தெரிந்த மாதிரி இருக்கிறது. "அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அம்மா பயந்திருப்பார். கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குள் தோல் சுத்தமாகிவிட வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். எங்கள் வீட்டில் இந்த மூன்றும் இருந்தன.

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பாடசாலையில் படிப்பிக்கிறவள். முதலில் முழங்கையில் வந்தது, அப்புறம் தலையில். கவ்வாத்து வெட்டிய மலையைக் குறுக்கே கடந்துதான் பள்ளிக்கூடம் போவேன். ஒருநாள் வெட்டிய வாது ஒன்று காலைக் கீறிவிட்டது. இரண்டு வாரத்தில், கீறல் போன அதே கோட்டில் வெள்ளைச் செதில் எழும்பி நின்றது. தோலில் காயம் பட்ட இடத்தில் இந்த நோய் புதிதாகக் கிளம்பும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே அம்மா நினைத்தார்.

கிளினிக்கில் பூசுவதற்கு ஸ்டீராய்டு கிரீமும், வாரத்துக்கு ஒருமுறை விழுங்க மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். ஓரளவு அடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் மாதம் ஒருமுறை டவுனுக்கு வந்து போகும் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது, இங்கிலீஷ் மருந்தை இன்றோடு விடு என்றார். கோதுமை மா, முட்டை, பால், சீனி, கருவாடு, கத்தரிக்காய், தக்காளி எதுவும் ஆகாது. ஒரு தைலம் பூசி, காலை வெயிலில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். கூடவே ஒரு தூள். தூளும் தைலமும் 4,500 ரூபாய். அம்மா சீட்டுக் காசில் கட்டினார். அப்போது கொழுந்தெடுப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். ஒன்பது நாள் மலையேறிய காசு அது.

லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ரொட்டியை விடுவது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். காலையில் அடுப்பில் கிடப்பதே ரொட்டியும் கட்டச் சம்பலும்தான். எனக்காக மட்டும் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி சிவப்பரிசி மாவில் இடியப்பம் பிழிந்தார், சில நாள் குரக்கன் கூழ். தேத்தண்ணி சீனி இல்லாமல். போஞ்சி, கரட், வல்லாரைச் சம்பல் எல்லாம் நிறையச் சாப்பிட்டேன். தை மாதம் தொடங்கி நாலு மாதம் ஒருநாள்கூடத் தவறவில்லை. 78 கிலோவாக இருந்தவள் 69 ஆனேன்.

தோலும் குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். பங்குனி முடியும்போது முழங்கை ஏறக்குறைய வெறும் தோலாக இருந்தது. கண்டவர்களுக்கெல்லாம் அந்தத் தைலக்காரரைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு அவரிடம் போனார்கள். அது இன்றும் மனதில் கிடக்கிறது.

ஆனியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்காலம் தெரியும்தானே, பனிமூட்டம் இறங்கினால் வாரக்கணக்கில் சூரியன் இல்லை. சாப்பாட்டில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. ஆனாலும் முதுகு முழுக்கப் படர்ந்தது. பாயை உதறினால் தவிடு மாதிரி கொட்டியது. நகத்தில் ஊசி குத்தியது போலப் பள்ளங்கள். அப்புறம் வலது கை மோதிர விரல் வீங்கிச் சிவந்தது. ஆடி மாதம் என்னால் சோக் கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் எழுத முடியவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "டீச்சர், நான் எழுதவா?" என்று கேட்டது.

கண்டியில் பார்த்த தோல் டாக்டர் திட்டவில்லை. எந்த மாதத்தில் குறைந்தது என்று மட்டும் கேட்டார். தையிலிருந்து பங்குனி வரை என்றேன். அப்போது வெயிலில் நின்றீர்களா என்றார். தினமும் அரை மணி நேரம் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், தைலம் பூசி உட்கார்ந்ததைச் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. சொரியாசிஸுக்குப் புறஊதாக் கதிரை வைத்தே ஆஸ்பத்திரியில் ஒளிச் சிகிச்சை கொடுக்கிறார்கள். எங்கள் மலையில் தை, மாசி வெயில் அந்த வேலையைக் கொஞ்சம் செய்திருக்கிறது, எண்ணெய் செதிலை இளக்கியிருக்கிறது. பெயரைத் தட்டிக்கொண்டு போனது கத்தரிக்காய்.

ரத்தம் கெட்டு வருவதல்ல இது என்பதையும் அவர்தான் விளங்கப்படுத்தினார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலைத் தூண்டிவிட, ஒரு மாதத்தில் மாற வேண்டிய தோல் மூன்று நாலு நாளில் மேலே வந்து குவிகிறது. தொட்டால் ஒட்டாது. ஆனால் தோலோடு நிற்காது. நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் மூட்டுக்கும் போகலாம். தோல் திரும்பிவிடும், கெட்ட மூட்டு திரும்பாது. என் மோதிர விரல் இன்றும் முழுதாக மடங்காது.

அப்படியென்றால் சாப்பாட்டால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உடம்பு பருத்தவர்கள் எடையைக் குறைத்தால் சொரியாசிஸும் குறைகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. அந்த ஒன்பது கிலோவைத் திரும்ப ஏற்றாதீர்கள் என்றுதான் டாக்டரும் சொன்னார். குடியும் சிகரெட்டும் நோயைக் கிளப்பும். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் குடித்தால் ஈரலுக்கும் கேடு. கோதுமையை விடுவதால் பலன் கிடைப்பது, கோதுமையில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு. ரத்தம் சோதித்தார்கள், எனக்கு அது இல்லை. நாலு மாதம் அம்மா விடியற்காலையில் எழும்பியது வீணாகத்தான் என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு மருந்துக் கம்பெனிக்காகப் பேசுகிறாள் என்று எழுதப் போகிறவர்களுக்கு: என் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பது, எனக்கு யாரும் ஒரு சதம் தரவில்லை. சித்த வைத்தியத்தையும் நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். என்ன கலந்தது என்றே தெரியாத தூளை விற்றுக்கொண்டு, ஓடுகிற மருந்தை ஒரே நாளில் நிறுத்தச் சொன்ன ஆளைத்தான் சொல்கிறேன். பலமான ஸ்டீராய்டை அப்படிச் சட்டென்று விட்டால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். மாத்திரை பற்றிய பயமும் முழுப் பொய்யில்லை. புற்றுநோய்க்கும் அதைக் கொடுப்பார்கள், ஆனால் மிகப் பெரிய அளவில். ஈரலுக்கும் ரத்தத்துக்கும் ஒழுங்காகச் சோதனை வேண்டும், பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் லயத்தில் ஒரு பெரியப்பாவுக்கும் இதே மாத்திரை. உறையில் "வாரத்துக்கு ஒருமுறை" என்று சிங்களத்தில் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தினமும் விழுங்கியிருக்கிறார். வாயெல்லாம் புண்ணாகி, சாப்பிட முடியாமல் வார்டில் கிடந்த பிறகுதான் தெரிந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் வந்து தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. தோட்டத்து ஆட்கள் நிறைந்த கிளினிக்கில் ஒரு மருந்து உறையில் மூன்று தமிழ்ச் சொல் எழுத இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? இப்போது எங்கள் லயத்தில் யார் மருந்து கொண்டுவந்தாலும் உறையை வாங்கித் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்யுங்கள்.

சரி, உங்கள் விஷயம். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் அடுத்த கிளினிக்கில் அதை வாய்விட்டே சொல்லுங்கள். விரல் காலையில் விறைத்தாலோ, குதிக்கால் வலித்தாலோ, நகத்தில் பள்ளம் விழுந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். சீனியைக் குறையுங்கள், மரக்கறி சேருங்கள், எடையைப் பாருங்கள். எனக்கு மாத்திரை ஞாயிறு இரவு, கலண்டரில் அம்மா புள்ளடி போடுவார்.

கருவாடு பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நான் சாப்பிடுகிறேன். அம்மா இப்போது எல்லோருக்கும் ஒரே அடுப்பில் ரொட்டி சுடுகிறார்.