முழங்கால் நோவோடு இன்கா மலைக்கு

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகள் எங்கள் இருவரையும் பெருவுக்குக் கூட்டிப்போகிறாள். மச்சு பிச்சுவுக்கு முதல்நாள் முழுக்கக் கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருக்கும் பிசாக், மொராய், மராஸ், ஒல்லாந்தாய்தாம்போ என்ற நாலு இடங்களையும் ஒரே நாளில் காட்டுவதாக வாகனக்காரர் சொல்கிறாராம். எனக்கு 63 வயது, முழங்கால் நோ. ஏலுமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: ஏலும் அக்கா. நானும் அப்படித்தான் போனேன். பிசாக்கில் நாற்பது நிமிடம், சாப்பாட்டுக்கடையில் ஒன்றரை மணித்தியாலம். ஒல்லாந்தாய்தாம்போவுக்குப் போய்ச் சேர வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வழிகாட்டி மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். அதனால் சொல்கிறேன், மராஸும் ஒல்லாந்தாய்தாம்போவும் போதும்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். நம் இலங்கையிலேயே உயர்ந்த பிதுருதலாகலை மலை 2,524 மீற்றர். விமானம் இறங்கும் குஸ்கோ நகரமோ ஏறக்குறைய 3,400. விமானத்தால் இறங்கிப் பெட்டியைத் தூக்கினேன், பத்து அடி போகமுன் மூச்சு வாங்கியது. ஒல்லாந்தாய்தாம்போ 2,800 அளவில்தான். முதல் இரவே அங்கே போய்த் தங்கினால் தலையிடி குறையும், மச்சு பிச்சு ரயிலும் அங்கிருந்து புறப்படுகிறது. பிரஷர் குளிசை எடுப்பவர் என்றால் புறப்படமுன் டொக்டரைக் கேளுங்கள். கோக்கா இலைத் தேத்தண்ணீர் தருவார்கள். மிஞ்சின இலையைப் பெட்டிக்குள் வைத்துக் கனடாவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், அங்கே தடை.

உப்புவெளிக்காரி மராஸைப் பார்க்காமல் வரலாமா? கடலே இல்லாத மலைச்சரிவில் ஊற்று ஒன்று உப்புத்தண்ணீராகவே வருகிறது. சின்ன வாய்க்கால்களால் பாத்தி பாத்தியாக இறங்கி, வெயிலில் காய்ந்து உப்பாகிறது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். நம் கடல்தண்ணீர் தோற்றுப்போகும்! மேலே நின்றே பார்க்கலாம், முழங்காலுக்கு வேலை குறைவு.

மிச்ச நேரமெல்லாம் ஒல்லாந்தாய்தாம்போவுக்கு. அங்குள்ள இன்கா கோட்டைப் படிகள் செங்குத்து, கோணேசர் கோயில் ஏற்றத்தை இதோடு ஒப்பிடவே முடியாது. உச்சியில் இளஞ்சிவப்புக் கற்கள் ஆறு, ஆளைவிடப் பெரிதாக, வரிசையாக நிற்கின்றன. உருபம்பா ஆற்றுக்கு அக்கரை மலையில் வெட்டி, சக்கர வண்டி இல்லாமல் இழுத்து, ஆற்றைக் கடத்தி, திரும்ப மேலே ஏற்றியவை. வந்து சேராத கற்கள் சில இன்னும் வழியில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஊரார் வைத்த பெயர் 'களைத்த கற்கள்'. அந்த ஏற்றத்தில் பாதியில் குந்தியிருந்த எனக்கு அது நல்ல ஆறுதல்.

ஏற ஏலாவிட்டால் மகளை அனுப்பிவிட்டு ஊருக்குள் நடவுங்கள். இன்கா காலத்து ஒழுங்கைகளில் இன்றும் சனம் குடியிருக்கிறது. ஓரத்துக் கல்வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஒரு வாசலில் அம்மா ஒருவர் அதில் கீரை அலசிக்கொண்டிருந்தார், என்னைக் கண்டு சற்றுத் தள்ளி இருந்து இடம் விட்டார்.

சீட்டைப் பொறுத்தவரை, பிசாக், மொராய், சின்செரோ, ஒல்லாந்தாய்தாம்போவுக்குச் சேர்த்து ஒன்று இருக்கிறது. மராஸுக்குத் தனிக் காசு. அப்புறம், செருப்போடு போகாதீர்கள். நான் போனேன்.