பழைய பதிப்புகளுக்கு எத்தனை சேனல் வேண்டும்?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒரு குழு நடத்துகிறோம். மேசையில் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பழைய பதிப்புகளைப் பற்றித்தான் பேச்சு. யாராவது ஒரு விதியைக் கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்கிறார்கள், சண்டை வருகிறது. பதிப்புக்கு ஒரு சேனல் (தனி அரட்டை அறை) வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் பெட்டி வந்த 1974 முதல் நாலாம் பதிப்பு வந்த 2008 வரை எண்ணினாலே ஒன்பது பத்துச் சேனல் ஆகிவிடும். உங்கள் ஆட்கள் அவ்வளவிலும் சிதறினால் பாதிச் சேனலில் பேச்சே இருக்காது. அந்த நாலு பேரும் பெரும்பாலும் சரியான பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆளுக்கொரு புத்தகத்திலிருந்து. அதனால் முதலில் திருத்த வேண்டியது கேள்வி கேட்கும் முறையை.

கவசமே போடாத ஆளின் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் தப்பும் திறனுக்கான எண்) எவ்வளவு என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். எளிய விதிகள் கொண்ட பேசிக் வரிசையின் 1981 விதிப்படி 9. விரிவான விதிகள் கொண்ட அட்வான்ஸ்ட் வரிசையில் 10. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் 10தான், ஆனால் அங்கே கவசம் போட்டால் எண் ஏறும், அட்வான்ஸ்டில் இறங்கும். பிளேட் மெயில் என்ற தகட்டுக் கவசமும் கேடயமும் போட்டவனுக்கு அட்வான்ஸ்டில் 2. அந்த 2ஐ மூன்றாம் பதிப்புக்காரர் படித்தால், இவனை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்றுதான் நினைப்பார். யார் முதலில் அடிப்பது என்பதிலும் இதே குழப்பம். 1981 பேசிக்கில் ஆறுமுகப் பகடையில் பெரிய எண் ஜெயிக்கும். 1989 இரண்டாம் பதிப்பில் பத்துமுகப் பகடையில் சின்ன எண் ஜெயிக்கும்.

ஆகவே ஒரே ஒரு கட்டாய விதி போடுங்கள்: கேள்வியின் முதல் சொல் ஆண்டும் வரிசையும். ‘1981 பேசிக்’, ‘1989 அட்வான்ஸ்ட்’ என்று. ‘முதல் பதிப்பு’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் 1974 பெட்டியை நினைப்பார், இன்னொருவர் 1978 வாக்கில் வந்த அட்வான்ஸ்ட் புத்தகங்களை நினைப்பார். ‘பேசிக்’ என்று மட்டும் சொன்னாலும் போதாது. 1977, 1981, 1983 என்று மூன்று பேசிக் பெட்டிகள் உண்டு. ஆண்டு போடாத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், ‘எந்த ஆண்டு?’ என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் பழகிவிடும்.

அப்புறம் சேனல். பதில் எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் பிரியுங்கள். 1974 பெட்டியும் பேசிக் வரிசையும் ஒன்றாக இருக்கலாம். அட்வான்ஸ்டின் இரண்டு பதிப்புகளும் ஒரே வீடு. ஒன்றுக்கு எழுதிய சாகசக் கதையை மற்றொன்றில் சின்னத் திருத்தங்களோடு ஓட்டிவிடலாம். மூன்றாம் பதிப்பும் 2003இல் வந்த மூன்றரையும் சேர்ந்தே இருக்கட்டும். நாலாம் பதிப்பின் அமைப்பே வேறு, அதைத் தனியாக வையுங்கள். பழைய விதிகளைத் திரும்ப எழுதிய இன்றைய புத்தகங்களுக்குத் தனி இடம் தேவையில்லை. ஆஸ்ரிக் அட்வான்ஸ்டோடும், ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் பேசிக்கோடும் போகட்டும்.

இதே அளவுகோல் மற்ற விளையாட்டுகளுக்கும் பொருந்தும். கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் விளையாட்டில் முதல் ஆறு பதிப்புகளை ஒரே இடத்தில் பேசலாம். பண்பு எண்களையே ஐந்தால் பெருக்கி மாற்றிய ஏழாம் பதிப்புக்கு மட்டும் கோடு போட்டால் போதும்.

பதில் சொல்பவர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும்: புத்தகத்தில் இருப்பதா, தங்கள் மேசையில் வைத்துக்கொண்ட ஹவுஸ் ரூலா என்று சொல்லிவிட வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் பல வருடம் ஆடிய ஹவுஸ் ரூலை அச்சில் இருப்பதாகவே மனதார நம்புவார்கள். பக்க எண் கேட்டால் அவர்களே திறந்து பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். பக்கத்தை ஸ்கேன் செய்து முழுதாகப் போட வேண்டாம், ஓரிரு வரி போதும். இந்தப் புத்தகங்களில் பலவும் இன்றும் பிடிஎஃப்பாக விற்பனையில் இருக்கின்றன.

எந்தப் பதிப்பு உசத்தி என்ற பேச்சைத் தடை செய்யாதீர்கள். அதில் நல்ல விஷயமும் வரும். அதற்கென்று ஒரு சேனல் திறந்து, விதி கேட்கும் இடத்தில் அந்தப் பேச்சு தொடங்கினால் உடனே அங்கே நகர்த்திவிடுங்கள்.