இராணுவ பலம் இருந்தால் ஒரு நாடு நினைத்ததைச் சாதித்துவிட முடியுமா?

படைபலம் மிக்க நாடு உலக அரங்கில் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. அது பாதிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. மீதியை விளங்கிக்கொள்ள 1956-இன் சூயஸ் நெருக்கடியைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். மேற்கு ஐரோப்பாவுக்கான எண்ணெயின் பெரும்பகுதி அவ்வழியாகவே சென்றதால் பிரிட்டனும் பிரான்ஸும் கொதித்தெழுந்தன. பாரிஸுக்கு அருகிலுள்ள செவ்ர் நகரில் மூன்று நாடுகள் இரகசியமாக வகுத்த திட்டப்படி, அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்துக்குள் புகுந்தது. சண்டையிடுவோரை விலக்கிவிட வருவதாகச் சொல்லிக்கொண்டு மற்ற இரு நாடுகளும் எகிப்தின் மீது குண்டு வீசின. நவம்பர் 5 அன்று கால்வாயின் வடமுனைத் துறைமுகமான போர்ட் சயீதில் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள், மறுநாள் கடல்வழியாகவும் படைகள் வந்தன. களத்தில் அவர்களைத் தடுக்கக்கூடிய வலிமை எகிப்துக்கு இல்லை.

ஆனால் அதே நவம்பர் 6 நள்ளிரவோடு பிரிட்டன் போரை நிறுத்தியது. பவுண்டு நாணயத்தின் மீதான நம்பிக்கை சரிந்து, கையிருப்பு டாலர் கரைந்துகொண்டிருந்த வேளையில், போர் நிற்கும்வரை சர்வதேச நாணய நிதியத்தின் உதவிக்கு வழிவிட அமெரிக்கா மறுத்தது. தாக்குதலைத் தீவிரமாக ஆதரித்த பிரிட்டன் நிதியமைச்சர் மாக்மில்லனே, கணக்கைப் பார்த்த பிறகு நிறுத்தச் சொன்னார். இதைவிடக் கொடுமை, எந்த எண்ணெய்ப் பாதைக்காகப் படையெடுத்தார்களோ அந்தப் பாதையே அடைபட்டது: எகிப்து கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்தது, சிரியாவில் எண்ணெய்க் குழாய்வழி தகர்க்கப்பட்டது, டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பிரதமர் ஈடன் ஜனவரியில் பதவி விலகினார். போர்க்களத்தில் தோற்ற நாசர் அரபு உலகின் நாயகரானார்.

இதை வைத்து இராணுவ பலம் வீண் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. அதே வாரத்தில், நவம்பர் 4 அன்று, சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குள் நுழைந்து, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான ஹங்கேரியப் புரட்சியை நசுக்கின. அந்த மக்களுக்கு உதவ எந்த நாட்டுப் படையும் வரவில்லை. மாஸ்கோவின் நாணயத்தைப் பிடித்து இழுக்க வாஷிங்டனிடம் கயிறு இல்லை, அணு ஆயுத வல்லரசோடு போரிடும் துணிவும் யாருக்கும் இல்லை. ஆகவே ஒரு நாட்டிடம் எத்தனை டாங்கிகள் உள்ளன என்று கேட்பதற்கு முன்னால், அதன் கடனும் எரிபொருளும் யார் கையில் இருக்கின்றன என்று கேட்பதே சரியான முறை.

தோல்வியடைந்த இருவரும் கற்றுக்கொண்டது ஒன்றல்ல. பிரிட்டன் அமெரிக்காவோடு மேலும் நெருங்கியது. பிரான்ஸோ இனி எவரையும் நம்பியிருக்க இயலாது என்று தன் அணுகுண்டு முயற்சியை விரைவுபடுத்தி, 1960 பிப்ரவரியில் சஹாராவில் முதல் சோதனையை நடத்தியது. 1966-இல் மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் கூட்டு இராணுவத் தலைமையிலிருந்தும் விலகிக்கொண்டது.