கால் மாத்திரையும் காணாமல் போன பில்லும்

கேள்வி: மகன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். விடுதி நண்பன் பேச்சைக் கேட்டு மொடாஃபினில் மாத்திரையில் தினமும் கால் பங்கு போடுகிறான். "கொஞ்சம்தானேம்மா" என்கிறான். கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாதா?
- ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: பகலில் அடக்க முடியாமல் தூங்கி விழும் நார்கோலெப்சி நோய்க்கு எழுதும் மருந்தம்மா அது. தூக்கத்தை விரட்டும், பாடத்தை மண்டையில் ஏற்றாது. கொஞ்சமாகப் போட்டால் வீரியம் மட்டும்தான் குறையும் என்றும் நினைக்காதீர்கள். டாக்செபின் என்று ஒரு மருந்து. மனச்சோர்வுக்கு 75 மி.கி., 150 மி.கி. என்று தருவார்கள். அதையே 3 அல்லது 6 மி.கி. கொடுத்தால் வெறும் தூக்க மருந்து. அளவு மாறினால் வேலையே மாறும். அதை டாக்டர் முடிவு செய்யட்டும், விடுதியில் பிளேடு வைத்திருக்கிற பையன் வேண்டாம். தோலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மகனைத் திட்ட வேண்டாம். எங்கே வாங்கினான் என்று கேளுங்கள்.

கேள்வி: நண்பரின் மகனுக்கு, கவனம் ஓரிடத்தில் நிலைக்காத ஏடிஎச்டி குறைபாட்டுக்காக எழுதிக் கொடுத்த மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை, மெதுவாகக் கரையும் வகை. நான்காக வெட்டி ஆபீசுக்குப் போகும்போது போடுகிறேன். சிக்கனம்தானே?
- அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: வெட்டினால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கும். போடாதீர்கள், அது உங்கள் மாத்திரையே இல்லை.

கேள்வி: ஞாபக மறதிக்கு என்று எங்கள் தெரு மருந்துக் கடையில் அட்டையை வெட்டி எட்டு மாத்திரை கொடுத்தார்கள். 900 ரூபாய். பெயர் பாதிதான் தெரிகிறது. போட்டதிலிருந்து தூக்கமில்லை, படபடப்பு. பில் தரவில்லை. பணம் திரும்புமா?
- ஓய்வுபெற்ற எழுத்தர், சூரமங்கலம்

பதில்: முதலில் மாத்திரையை நிறுத்துங்கள் ஐயா, மீதியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். உங்கள் மேல் தப்பில்லை. கடைக்காரரை நம்பித்தானே மருந்து வாங்குகிறோம்?

இந்தக் கத்தரிக்கோல் விஷயத்தில் எனக்குப் பல வருட வயிற்றெரிச்சல். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் அட்டையின் ஓரத்தில் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும், நம் கைக்கு வருவது வெள்ளியாய் மினுக்கும் துண்டு. "பில் வேணுமா?" என்று ஏதோ தானம் கேட்டமாதிரி ஒரு பார்வை வேறு. நாமும் கூச்சப்பட்டு "பரவாயில்லைங்க" என்போம். மேலே அந்த அஸ்தம்பட்டிக்காரர் போடும் மருந்து ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பது. டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அவ்வளவு கறார், நம் தெருவில் ஒரு பில்லுக்கே பஞ்சம்.

செல்போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. அட்டைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை.

கேள்வி: ஏற்காடு ஏரிப் பக்கம் வல்லாரைப் பொடி விற்கிறார்கள். மூளைக்கு நல்லதாமே, வாங்கலாமா?
- குகை வாசகி

பதில்: மலையில் வாங்கிய நினைவாற்றல் லேகியம் ஒன்று என் வீட்டிலும் இருந்தது. வெல்லமும் சுக்கும்தான், எறும்புகளுக்கு நல்ல விருந்து. பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி, தேதி, உரிம எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். வல்லாரைக் கீரை உழவர் சந்தையில் வந்தால் துவையல் அரையுங்கள்.